ராமசாமியின் முழங்கால்

1965 மார்ச் 14, ஞாயிறு

தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு வந்தது. இரண்டு மாதப் பழசு. சரக்குச் சுற்றுமுன் படித்துவிடுவேன். இந்தத் தேயிலை மலையில், பூனாகலைப் பக்கத்தில் உலக விவகாரம் தெரிந்த பலசரக்குக் கடை என்னுடையது ஒன்றுதான்.

இன்று ஒரு படம். ஜோசப் ராமசாமி, டிரினிடாட்காரர், இங்கிலாந்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறார். பூட்டனார் மதராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். அழகருக்குப் படித்துக் காட்டினேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவன், தோட்டத்து அணியின் கோல்கீப்பர்.

"நம்ம பூட்டன் தேயிலைக்குக் கப்பலேறினாரு, அவுக பூட்டன் கரும்புக்கு. அம்புட்டுத்தான மொதலாளி? நம்ம பயதான்."

அவன் மனைவி மாரியாயி படத்தை வாங்கிப் பார்த்தாள். "தம்பி எளச்சிருக்கு."

மே 16, ஞாயிறு

ராமசாமி ஜெயிக்க மாரியாயி கோயிலில் தேங்காய் உடைக்கிறாள். நான் படித்துக் காட்டும் ஆட்டம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்றேன்.

"நமக்கு இன்னைக்குத்தான வருது?"



ஜூன் 20, ஞாயிறு

மூலையில் நாலு வரி. ராமசாமிக்கு வலது முழங்காலில் அடி. இனி ஆட முடியாது. அணி விடுவித்துவிட்டது.

அந்தத் தாளில் கருவாடு சுற்றிக் கொடுத்துவிட்டேன். அழகர் மூன்று மைல் நடந்து வந்து நின்றான். "இன்னைக்கு நம்மாளு?"

"ஒரு கோல்" என்றது வாய். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 5, ஞாயிறு

ஆட்டத்தை விட்டபின் ராமசாமி பதினொரு கோல் போட்டிருக்கிறார். அதில் நாலு, இங்கிலாந்தில் பந்தாட்டமே இல்லாத மாதத்தில்.

என் மனைவி நளீரா உள்ளேயிருந்து சொன்னாள்: "எப்பவாச்சும் அவரத் தோக்க விடுங்களேன்."

மனம் வரவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

மாரியாயி ராமசாமிக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். ஒவ்வொரு கோலையும் ஒப்பித்தாள். ஒன்றும் மறக்கவில்லை. அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அணியின் விலாசத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேராது என்ற தைரியம்.

1966 ஏப்ரல் 5, போயா (பௌர்ணமி விடுமுறை)

சேர்ந்துவிட்டது. டிரினிடாட் தபால் முத்திரை.

அழகர், மாரியாயி இருவரையும் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல், ஒரு வரி கூட்டாமல் படித்தேன். "முழங்கால் போய்விட்டது. ஊருக்கே திரும்பிவிட்டேன், கரும்பு நிறுக்கும் இடத்தில் வேலை. நீங்கள் எழுதிய கோல்களை நான் போட்டதில்லை. ஆனாலும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார். அதற்கப்புறம் எப்படி ஆடினேன்?"

"அப்ப நீங்க சொன்ன அந்தக் கோலெல்லாம்?" என்றான் அழகர்.

"நான் போட்டது."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். நான் தராசைத் துடைத்தேன். துடைத்த தராசுதான்.

மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி கேட்டிருக்குல்ல? எழுதுங்க."

வாசலிலிருந்து, திரும்பாமலே: "பெனால்டி வேணாம் மொதலாளி. ஓடிப்போயி அடிச்சதா இருக்கட்டும்."

ஏப்ரல் 6

மத்தியானம் வரை கடை திறக்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். இரண்டு கோல், இரண்டும் இடது காலால். வலது காலை இன்னும் கொஞ்ச நாளைக்கு அவர் அதிகம் ஊன்றாமலிருப்பது நல்லது.