காரணம் எதுவாயினும்

3 மார்ச் 2025, திங்கள்
பாதம் இன்றும் தரையில் இழுபடுகிறது. பிளாஸ்டிக் பட்டையை மாட்டினால் வீட்டுக்குள் நடக்கலாம். சட்டைப் பொத்தானை மனைவி தேவகிதான் போட்டுவிடுகிறாள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நரம்பைத் தாக்கிக் கைகால்களை முடக்கும் கில்லன்-பாரே நோய்க்குச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். "நரம்பு மெதுவாத்தான் தேறும், கொஞ்சம் குறை நின்னும் போகலாம்" என்றார் சென்னை மருத்துவர். அந்தப் பின்பாதியைக் கேட்க இங்கே ஒருவருக்கும் காதில்லை. இன்று வந்தவர்கள் மூவர். ஒருவர் காத்துகருப்பு என்றார். ஒருவர் நண்டுச் சாறு சிபாரிசு செய்தார். மூன்றாமவர், "பாக்க நல்லாத்தானே கீறே" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த வடையைத் தின்றார்.

7 மார்ச்
குப்பத் தலைவர் மூர்த்தி வந்தார். "இன்னா எம்.ஏ., இந்தச் சுத்துக்குத் தோணி ஏறுவியா?"
ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு வைக்கும் முறைக்கு எங்கள் குப்பத்தில் 'பாடு' என்று பெயர். தொடர்ந்து இரண்டு சுற்று ஏறாதவன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு சுற்றைப் படுக்கையிலேயே கழித்துவிட்டேன். தம்பி சகாதேவனை அனுப்புகிறேன் என்றேன்.
"ஆள் மாத்த விதி இல்லியே. நீ எழுதினதுதானே?"
நான் எழுதியதுதான்.

8 மார்ச்
பாட்டு விதிகளின் முதல் படியை எழுதிய பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2011. குப்பத்தில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே என்பதால் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு சுற்று விதியில் 'காரணம் எதுவாயினும்' என்ற சொற்கள் யாரும் கேட்காமல் நானே சேர்த்தவை. வாக்கியம் கச்சிதமாக அமைந்ததென்று மகிழ்ந்தது நினைவிருக்கிறது.

11 மார்ச்
ஒருவரிடமும் சொல்லாமல் ஏரியில் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில், கழியைப் பிடித்தபடி, பத்து நிமிடம் நின்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கரையேறினேன். தேவகிதான் பார்த்தாள் — மணலில் ரத்தம். சிப்பி உள்ளங்காலைக் கிழித்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. "இன்னாய்யா நீ, பைத்தியமா?" என்றாள்.

12 மார்ச்
காய்ச்சல். ஊசி.

15 மார்ச்
"வாயத் தொறந்து கேட்டாத்தானே குடுப்பாங்க" என்கிறாள் தேவகி. கேட்பதா? தருமலிங்கம் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திலா? இடுப்பு முறிந்து கிடந்த அந்த மனிதரின் பெயரை இதே விதியைக் காட்டித்தான் அடித்தோம். வாசித்தவன் நான். "என் மருமவன அனுப்புறேன் தம்பி" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். அன்றிலிருந்து அடுத்தவர் வலையைத் தைத்துப் பிழைக்கிறார்.
எவன்டா என்னை எழுதச் சொன்னான்? சே.

23 மார்ச், ஞாயிறு
கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்தே பேசினேன். நான் சேர்த்த அந்த இரண்டு சொற்கள். அவற்றை நீக்குங்கள், உடல் முடியாதவர் ஆள் அனுப்பலாம் என்று மாற்றுங்கள், அடித்த பெயர்களையும் திரும்பச் சேருங்கள் என்றேன்.
"உனக்குன்னு வந்தாத்தான் விதி மாறுமா?" என்று ஒருவன் கேட்டான்.
ஆம் என்றேன். வேறென்ன சொல்ல?
பின்வரிசையிலிருந்து தருமலிங்கம், "மாத்துங்கப்பா. எம்.ஏ.வுக்கு இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூர்த்தி நோட்டைத் திறந்தார்.

2 ஏப்ரல்
சீட்டுப் போட்டார்கள். மடித்த தாள் என் விரலில் சிக்கவில்லை, சகாதேவன் எடுத்தான். பதினேழாவது நாள். முதல் நாள், அதாவது இன்றே, தருமலிங்கத்துக்கு. அவருடைய மருமகன் தோணியில் ஏறும்வரை கரையில் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. பதினேழு ரொம்பப் பின்னால் என்று சகாதேவன் முனகினான். வாயை மூடு என்றேன்.