இரும்பு நாக்கை அடைத்த தோல்துண்டு

வெள்ளையாறு காக்கும் வெண்கோட்டு நாட்டை உடையவரும், ஏழு உலைக்களங்களின் தலைவியும், சொன்ன நாளில் சொன்னதைச் செய்யும் மரபில் வந்தவருமாகிய அரசி நீலநங்கையார் திருமுன்பு, கழைக்குன்றத்து அரசர் மாவேழரின் அமைச்சர் தோன்றியூர் நக்கனார் எழுதுவிக்கும் ஓலை. தங்கள் ஆறு வற்றாதிருக்க. தங்கள் உலைகளில் நெருப்பு அணையாதிருக்க. தங்கள் குடிகள் இரு கையும் நலமாக நெடுநாள் வாழ்க.

இதைப் படிக்குமுன், தைத் தேய்பிறையில் இதே அமைச்சர் அனுப்பிய ஓலையை எடுத்துவரச் செய்து அருகில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டப்படுகிறது. தங்கள் கம்மியன் சேந்தன் செய்த புல்லறுக்கும் பொறியில் இரும்பு நாக்கு பழுதுபட்டதென்றும், அதனால் புல்லறுப்பவள் ஒருத்தியின் கை அரசர் முன்பாகவே போயிற்றென்றும் அதில் எழுதியிருக்கும். கை போனது மெய். நாக்கு பழுதுபட்டது பொய். அந்தப் பொய்யை எழுதுவித்தவர் நக்கனார்.

அந்த ஓலையில் எல்லோர் சொல்லும் அரண்மனைச் சொல்லாகத் திருத்தப்பட்டிருந்தது. திருத்தும்போது உண்மை எங்கே நழுவியதென்று எவருக்கும் தெரியவில்லை. ஆகவே இவ்வோலையில் பேசியவர் சொல் பேசியபடியே எழுதப்படுகிறது. அரசியார் பொறுத்தருள்க.

நடந்தது இது.

சென்ற ஆண்டு கழைக்குன்றத்தில் வெட்டிப் போட்ட புல்மேல் தை மழை பெய்தது. காய்வதற்குள் புல் அழுகிற்று. கோடையில் முந்நூறு குதிரைகளில் பாதி மடிந்தன. வெயில் எட்டு நாள் நிற்கும் என்றால் அந்த எட்டு நாளுக்குள் புல்வெளி முழுவதும் வெட்டியாக வேண்டும்; அத்தனை அரிவாள் இந்நாட்டில் இல்லை. அதனால்தான் தங்களிடம் பொறியும், பொறியை அறிந்தவனும் கேட்கப்பட்டனர். தாங்கள் சேந்தனை அனுப்பினீர்கள். மாசிப் பௌர்ணமிக்குள் அவனை நலமாகத் திருப்பி அனுப்புவதாக நக்கனார் கையெழுத்திட்டார்.

சேந்தன் அதிகம் பேசாதவன். புல்வெளிக்கு வந்த முதல் நாளே புல்லறுக்கும் பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவள் எயினி. நாற்பது வயதிருக்கும். அவள் பொறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, உங்க ஊர்ல பொம்பளைங்க கையில அரிவாளே கிடையாதா? புல்லறுக்கப் போயி ரெண்டு மாட்டைக் கட்டிக்கிட்டு வந்திருக்கே,” என்றாள்.

“அரிவாள் இருக்குக்கா. வாய்தான் இவ்வளவு நீளம் இல்ல,” என்றான் சேந்தன்.

பெண்கள் சிரித்தார்கள். எயினியும் சிரித்தாள். அன்று முதல் புல்வெட்டும் அலகுக்கு முன்னே நடந்து சிக்கெடுக்கும் வேலை அவளுடையதாயிற்று. நக்கனார் குடையின் கீழ் நின்று இதையெல்லாம் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அமைச்சர் சிரிக்கும் இடம் அதுவன்று என்று அடக்கிக்கொண்டார்.

பொறியின் இயக்கம் தங்கள் உலைக்களத்தில் பிறந்தது. தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நக்கனாருக்கு அது எவ்வளவு காலம் கடந்து விளங்கிற்று என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதப்படுகிறது.

மாடு இழுத்தால் சக்கரம் உருளும். சக்கரத்தோடு அச்சு சுழலும். அச்சிலுள்ள பெரிய பற்சக்கரம் குறுக்கே கிடக்கும் சிறிய பற்சக்கரத்தை வேகமாகச் சுற்ற, அது ஒரு வளைதண்டைச் சுற்றும். வளைதண்டு ஒரு நீண்ட கோலைத் தள்ளும், இழுக்கும். கோலின் முனையில் நான்கு முழ நீளத்துக்கு அலகு. சக்கரம் ஒருமுறை உருள்வதற்குள் அலகு இருபது முறை இங்குமங்கும் ஓடிப் புல்லை அடியில் வெட்டும். பொறிக்கென்று தனி உயிர் கிடையாது. மாட்டின் நடைதான் அலகின் ஓட்டம்.

புல் அடர்ந்த இடத்தில் அலகின் இடுக்கில் தண்டுகள் சிக்கிக்கொள்ளும். அப்போது மாட்டை இரண்டடி பின்வாங்கச் செய்து, வாங்கும்போதே சிக்கைக் கையால் உருவ வேண்டும். பின்னால் உருளும்போதும் அலகு ஓடினால் கை போய்விடும். அதற்காகத்தான் சேந்தன் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் சாய்வான பற்கள் வெட்டிய ஒரு வளையத்தையும், அதன்மேல் வில் அழுத்தும் ஓர் இரும்பு நாக்கையும் வைத்திருந்தான். முன்னே உருண்டால் நாக்கு பல்லைப் பிடித்துக்கொண்டு அச்சைச் சுழற்றும். பின்னே உருண்டால் நாக்கு எழுந்து ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கும். சக்கரம் மட்டும் சுழலும், அச்சு நிற்கும், அலகு அசையாது. நாக்கு ஏறி இறங்கும் ஒலி, சுவரில் பல்லி சொல்வதுபோலவே இருக்கும்.

எயினி அதற்கு இரும்புப் பல்லி என்று பெயர் வைத்தாள். பல்லி சொன்னால் சேந்தன் “எடு” என்பான். அவள் கையை விட்டு உருவுவாள். ஐந்து நாள் அப்படியே நடந்தது. ஒரு கீறலும் விழவில்லை.

கழைக்குன்ற அவையில் ஒரு வழக்கம் உண்டு. அரசருக்கு இடப்புறம் பல்லி சொன்னால் அன்று தொடங்கிய செயல் நிறுத்தப்படும். படை புறப்பட்டு வாயில்வரை சென்று திரும்பியதும் உண்டு. ஆறாம் நாள் அரசர் முன்பாகப் பொறியை ஓட்டிக் காட்ட நாள் குறித்திருந்தது. முந்தைய நாள் ஒத்திகைக்கு அரசரும் சிறிது நேரம் வந்திருந்தார்; பொறி பின்வாங்கியபோது அவர் இருக்கைக்கு இடப்புறமாக அந்த ஒலி எழுந்தது. பரிவாரத்தில் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நக்கனார் கண்டார். பொறியைத் தருவிக்கலாம் என்று அவையில் வாதாடியவர் அவரே. நாளை இந்த ஒலியால் அரசர் எழுந்து போய்விட்டால், புல்லும் போயிற்று, குதிரையும் போயிற்று, அவர் சொல்லும் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் அவர் சேணம் தைக்கும் மாறையன் என்பவனைப் பொறி நின்ற கொட்டகைக்கு அழைத்துச் சென்று, ஒலி வரும் இடத்தைத் தோலால் அடைக்கச் சொன்னார். மாறையன் குடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“இதை அடைச்சா இந்த நாக்கு எந்திரிக்காதேங்க. பரவாயில்லையா?”

“எழக் கூடாது என்றுதானே அடைக்கச் சொல்கிறேன்,” என்றார் நக்கனார்.

மாறையன் எருமைத்தோலில் ஒரு துண்டு வெட்டி நாக்கின் முதுகுப்புறம் இறுக்கி அறைந்தான். நக்கனார் தாமே சக்கரத்தைப் பின்னால் உருட்டிப் பார்த்தார். ஒலி இல்லை. அலகு அசைந்ததா என்று அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. சேந்தனிடம் சொல்லிவிட எண்ணினார். அதற்குள் அரசர் புறப்பட்டுவிட்டதாக ஆள் வந்தது. வரவேற்கப் போய்விட்டார்.

அரசர் வந்தமர்ந்தார். முரசும் கொம்பும் முழங்கின. பொறி இருபது முழ தூரம் அழகாக வெட்டிக்கொண்டு போயிற்று. கோரை கலந்த ஓரிடத்தில் சிக்கிற்று. சேந்தன் மாட்டைப் பின்வாங்கச் செய்தான். எயினி குனிந்தாள். சேந்தன் “எடு” என்றான்.

தோல் அடைத்த நாக்கு எழவில்லை. பின்னே உருண்ட சக்கரம் அச்சையும் சேர்த்துச் சுழற்றிற்று.

வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. முரசடிப்பவர்கள் அதைக் காணாமல் இன்னும் சிறிது நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கருவியால் ஒருவர் கை போனால், பிழை யாருடையதோ அவருடைய வலக்கைப் பெருவிரல் வாங்கப்படும் என்பது கழைக்குன்றத்துச் சட்டம். பொறி செய்தவன் என்பதால் சேந்தனைக் காவலில் வைத்தார்கள். அன்று மாலை நக்கனார் தனியே கொட்டகைக்குச் சென்று தோல்துண்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் முதல் ஓலையை எழுதுவித்தார். வேற்று நாட்டான் என்பதால் தங்கள் இசைவு இன்றி விரல் வாங்க இயலாது. தங்கள் விடை வர நாளாகும், அதற்குள் ஏதேனும் வழி பிறக்கும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மாறையனைத் தெற்கு எல்லைக்கு வேலைக்கு அனுப்பிவைத்தார்.

மாசியில் தங்கள் விடை வந்தது. பழுதான கருவி செய்தவன் தங்கள் கம்மியன் அல்லன் என்றும், ஏழு உலைக்களத்துப் பட்டியலிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டதென்றும், இந்நாட்டுச் சட்டப்படி செய்யலாம் என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதைச் சேந்தனுக்குப் படித்துக் காட்டுவது அமைச்சரின் கடமை. நக்கனார் நண்பகலில் காவற்கூடம் சென்று படித்தார்.

பெயர் நீக்கப்பட்ட வரியில் சேந்தன் தலை குனிந்தான். விரலைப் பற்றிய வரியில் ஒன்றும் செய்யவில்லை. படித்து முடித்ததும் கேட்டான்.

“ஐயா, அந்த நாக்கை ஒருதடவை என் கையில குடுப்பீங்களா? எங்க தேஞ்சிருக்கு, இல்ல வில்லுதான் தளந்துபோச்சான்னு பாத்துக்கிறேன். ஒரு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். எது தப்புன்னு தெரிஞ்சா எங்க ஊருக்குச் சொல்லி அனுப்பலாம். அடுத்துச் செய்யிறவன் அதே தப்பைச் செய்யக் கூடாது. அதுக்கப்புறம் வெரலை எடுத்துக்குங்க.”

நக்கனார் கொட்டகைக்குப் போனார். பொறியின்மேல் சருகு விழுந்து கிடந்தது. அவர் சக்கரத்தைப் பிடித்துப் பின்னால் உருட்டினார். நாக்கு எழுந்து ஏறி இறங்கிற்று. பல்லி சொன்னது. அலகைப் பார்த்தார், அசையவில்லை. மறுபடி உருட்டினார். மறுபடி சொன்னது. ஒரு பழுதும் இல்லாத அந்த நாக்கைக் கழற்றி எடுத்துப்போய்ச் சேந்தன் கையில் கொடுத்தால், அவன் தன் பிழையை அதில் தேடிக்கொண்டே இருப்பான் என்று அவர் நினைத்தார். வெட்டிய புல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எயினியின் வீட்டுக்கு நடந்தார். அவள் இடக்கையால் வைக்கோல் பிரி முறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு முனையைக் கால்விரலில் மாட்டியிருந்தாள். நக்கனார் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பிரியைக் கீழே வைத்தாள்.

“சத்தம் வேணாம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. இன்னிக்குப் பல்லி சொல்லாது எயினின்னு. நான் பாட்டுக்குக் கையை விடாம நின்னுருப்பேன். சிக்கோட கெடந்தா கெடக்கட்டும்னு விட்டிருப்பேன்.”

இனி என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

“அந்தத் தம்பியை விட்டுருங்க,” என்றாள் அவள். பிறகு மீண்டும் பிரியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நக்கனார் அவையில் தோல்துண்டை அரசர் முன் வைத்தார். இடப்புறம் எழுந்த ஒலிக்கு அஞ்சியே இதைச் செய்ததாகச் சொன்னார். அரசர் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒத்திகையன்று அப்படி ஓர் ஒலி தம் காதில் விழுந்ததாகவே நினைவில்லை என்று அரசர் அருளிச்செய்தார். வேறொன்றும் கேட்கவில்லை. பிழை யாருடையதோ அவர் என்றே சட்டம் சொல்கிறது, கம்மியன் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவூட்டினார். நக்கனார் தமக்கும் அது நினைவிருப்பதாக விண்ணப்பித்தார்.

சேந்தன் அன்றே விடுவிக்கப்பட்டான். இவ்வோலை அவனுக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. மாறையன் கேட்ட கேள்வி வந்த இடத்தில் அவன் நிறுத்தச் சொல்லி, அதை இன்னொரு முறை படிக்கக் கேட்டான். எல்லாம் முடிந்தபின், ஒன்று விட்டுப்போயிற்று, சேர்க்க வேண்டும் என்றான்.

“அன்னிக்குச் சத்தம் வரலைங்கிறது எனக்குத் தெரிஞ்சுது ஐயா. முரசு சத்தத்துல கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டுத்தான் எடுன்னு சொன்னேன். அதையும் எழுதுங்க.”

எழுதக் கூடாது என்று நக்கனார் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. எழுதப்பட்டுவிட்டது. காதை நம்பிச் செய்த பொறி போதாது என்றும், சக்கரத்தையும் அச்சையும் கண்ணெதிரே பிரித்து வைக்கும் ஒரு கைப்பிடி வேண்டும் என்றும், ஊர் திரும்பியதும் அதைச் செய்யப்போவதாகவும் அவன் சொல்கிறான். செய்வதற்கு அவனுக்கு உலை வேண்டும். உலைக்கு அவன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அவன் பெயரை மீண்டும் எழுதியருள வேண்டும் என்பதே இவ்வோலையின் ஒரே விண்ணப்பம். சான்றாக அத்தோல்துண்டு இதனுடன் கட்டப்பட்டுள்ளது. பாக்கு அளவே இருக்கும். ஒருபுறம் நாக்கின் தடம் பதிந்திருப்பதைக் காணலாம்.

இனி ஆணை. கழைக்குன்றத்து எல்லைவரை உள்ள காவலரும் சுங்கத்தாரும் ஊர்த்தலைவரும் அறிக: வெண்கோட்டுக் கம்மியன் சேந்தனையும் அவன் பொறியையும் எங்கும் நிறுத்தலாகாது. எயினி உயிரோடுள்ளவரை அவள் வீட்டுக்கு உணவும் உடையும் அரண்மனையிலிருந்து செல்லும். பொறி பின்வாங்கும்போது எழும் ஒலியை, அரசர் முன்பாயினும் கோயில் முன்பாயினும், எவரும் அடைக்கலாகாது, நிமித்தமாகக் கொள்ளலாகாது. இது அரசர் திருவாய்மொழி.

மாசித் தேய்பிறை ஏழாம் நாள், கழைக்குன்றத்து அவையில், அரசர் காண, எழுதி முடித்து இலச்சினை இடப்பட்டது. இலச்சினை சாய்ந்தும் ஓரம் மங்கியும் இருப்பதைக் கண்டு அரசியார் ஐயுற வேண்டா. இட்டவர் நக்கனாரே. இடக்கை அவருக்கு இன்னும் பழகவில்லை.