தோய்த்த ஜெர்சி

2012 ஜனவரி 16, திங்கள்
விடிய முதலே பனி. பாரிஸ் ரூ காய் தமிழ்க் கடைகளில் வாங்க: புட்டுமா, கருவேப்பிலை, ரின்னில் அடைத்த மீன்.
ஐஸ் ஹொக்கி கிளப்பில் நான் தோய்க்க வேண்டிய உடுப்பு மூட்டை பெரிது. காலைப் பயிற்சி முடிந்து, ஆட்டக்காரப் பெடியன் மத்தியூ வழமைபோல மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெர்சியை நீட்டினான். "வணக்கம் அக்கா, பர்தோன்." நான் பழக்கிய தமிழ் வணக்கமும் அக்காவும்தான்; மன்னிப்பு மட்டும் பிரெஞ்சில். பின்னேரம் வெளியூர் ஆட்டத்துக்கு எல்லோரும் பஸ் ஏறினார்கள்.

ஜன. 17, செவ்வாய்
பஸ் பனியில் சறுக்கிவிட்டது. பாதிப் பேர் இல்லை. மத்தியூவும் இல்லை.
சலவை அறையில் நான் மட்டும். கூடையில் அவன் ஜெர்சி, ஈரத்தோடு. அழுதழுது தோய்த்தேன். இரண்டாம் தரமும். வாசனைத் திரவம் தாராளமாக. செத்தவீடென்றால் கழுவித் துடைப்பதுதானே எங்கள் வழக்கம். அயன் பண்ணி மடித்து வைத்தேன். பிள்ளைக்கு வேறு என்ன செய்ய?

ஜன. 19, வியாழன்
லீக் ஆட்டங்கள் நிறுத்தம். மத்தியூவின் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். உடுப்புப் பொறுப்பாளர் அந்தோணி சார், பாண்டிச்சேரிக்காரர், அவரோடு பிரெஞ்சில் பேசிவிட்டு என்னிடம்: "இங்க கடைசியா போட்ட ஜெர்சி கேக்கறாங்கம்மா. தொவைக்காதது. புள்ள வாசம் இருக்குமாம்."
மடித்ததைக் கொடுத்தேன். முகத்தில் வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தார். பிறகு பிரெஞ்சில், "சுத்தமாக இருக்கிறது. மெர்சி." அதற்குப் பதில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.
வீட்டில் இவர் கேட்டார்: "ஏனப்பா தோய்ச்சனீர்?"
2009இல் தம்பி முள்ளிவாய்க்காலில் போனபோது, அவன் இடுப்பில் உடுத்த சாரமாவது கிடைக்காதா என்று இங்கிருந்து யார் யாரையோ கெஞ்சியவள் நான். ஒரு நூலும் வரவில்லை. எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

ஜன. 28, சனி
மழை. புட்டு அடிப்பிடித்துவிட்டது.
இன்று லீக் திரும்பத் தொடக்கம். மிஞ்சினவர்களோடு ஜூனியர் பெடியள். பயிற்சி மூட்டை வந்தது. ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்தேன், விசர்ப் பெண்போல. வியர்வை. சிகரெட். ஒருவனிடம் வெள்ளைப்பூடு. மெஷினுக்குள் போடக் கை வரவில்லை. நாளைக்கு எந்தத் தாய் வந்து நிற்பாளோ.
அந்தோணி சார் எட்டிப் பார்த்தார். "சாயங்காலம் மேட்சும்மா. சீக்கிரம் போடுங்க."
போட்டேன்.