தப்பித்தால் ஒன்று, இறங்கினால் ஒன்று: ஆண்டு விழாவுக்குத் தயாரான இரண்டு அழைப்பிதழ்கள்

அனுப்புநர்
திருமதி ரோஹிணி உமாபதி,
உறுப்பினர் எண் 38,
பெஸ்ஸுங்கன், டார்ம்ஸ்டாட்.

பெறுநர்
திரு. ஜெயச்சந்திரன் அவர்கள்,
தலைவர்,
டார்ம்ஸ்டாட் வட்டாரத் தமிழர் கலை மன்றம்.

பொருள்: மன்றத்தின் ஆண்டு விழாச் சிறப்பு விருந்தினர் – ஸ்பெயினில் ஆடும் ஒரு கால்பந்து அணியின் வெற்றி தோல்வியைப் பொறுத்து இரண்டு விதமாக அழைப்பிதழ் தயாரித்தது – இரண்டையும் திரும்பப் பெற்று, வரும் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரே அழைப்பிதழ் அனுப்பக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. செயற்குழுத் தீர்மானம் எண் 4, நாள் 03.05.2025.
2. மன்றத்தின் பொது வாட்ஸ்ஆப் குழுவில் 10.05.2025 மாலை 6.42க்கு வந்த இரண்டு கோப்புகள்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் நம் மன்றத்தில் பதினான்கு ஆண்டுகளாக உறுப்பினர். இங்குள்ள ஒரு பொருள் சோதனைக் கூடத்தில் உலோகத் தகடுகளை இழுத்துப் பார்த்து, எவ்வளவு சுமையில் அறுகிறது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. என் மகள் யாமினிக்கு வயது இருபத்தொன்று. ஸ்பெயினில் ரியோசேரா என்ற சிற்றூரின் பெண்கள் அணியில் கோல்கீப்பராக இருக்கிறாள். இவையெல்லாம் தங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் மனு என்று எழுதும்போது முதலிலிருந்து எழுதுவதே முறை என்பதால் எழுதுகிறேன்.

2. அந்த அணி ஆடுவது இரண்டாம் பிரிவில். மொத்தம் பதினான்கு அணிகள், ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு ஆட்டங்கள். கடைசியில் பட்டியலின் அடியில் நிற்கும் மூன்று அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தபோது ரியோசேரா பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறே ஆறு புள்ளிகள் எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தது. அதுவரை யாமினி மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் கடைசியில் பயிற்சியின்போது முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. ஜனவரியிலிருந்து கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்பது என் மகள். அதன் பிறகு ஒன்பது ஆட்டங்களில் ஐந்து வெற்றி, மூன்று சமன், ஒரே ஒரு தோல்வி. மார்ச் முடியும்போது அணி இருபத்து நான்கு புள்ளிகளோடு ஒன்பதாம் இடத்துக்கு ஏறிவிட்டது. என் கணவர் உமாபதி அந்தப் பட்டியலை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்.

3. இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அணி இறங்கினால் யாமினியின் ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிந்துவிடும். தங்கினால் தானாகவே இன்னும் ஓராண்டு நீளும். அந்தச் சிற்றூரில் அவளுக்கு ஓர் அறை, ஒரு சைக்கிள், காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு வேலை எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் இந்தப் பட்டியலில் தொங்குகின்றன.

4. பொங்கல் விழாவில் யாமினியைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கடைசி இடத்தில் இருக்கும் அணியைப் பற்றி யார் கேட்பார்கள்? பிப்ரவரியில் அவள் ஒரு பெனால்டியைத் தடுத்த காணொளி நம் குழுவில் சுற்றியது. அடுத்த ஞாயிறே மன்றக் கூடத்தில் திரை கட்டியாகிவிட்டது. சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் புள்ளிப் பட்டியல் நின்றது. ஸ்பெயின் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள்கூட ‘கோல் வித்தியாசம்’ என்று பேச ஆரம்பித்தார்கள். மார்ச் 29 அன்று தாங்களே ஒலிபெருக்கியை வாங்கி, மே 24 ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர் ‘நம்ம யாமினி’ என்று அறிவித்தீர்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் சமையற்கட்டுப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன். அன்று தந்த அந்த மரியாதைக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன்.

5. பிறகு அணி வரிசையாக மூன்று ஆட்டங்களில் தோற்றது. குழுவில் வந்த செய்திகளைத் தேதிவாரியாக எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன். முதல் தோல்விக்குப் பின் ‘நம்ம பொண்ணு அடுத்த மேட்ச்ல பின்னிடுவா’ என்றார்கள். இரண்டாவதுக்குப் பின் ‘யாமினிக்கு என்னாச்சு?’ மூன்றாவதுக்குப் பின் ‘அந்த கீப்பர் கொஞ்சம் லேட்டா டைவ் பண்றா’ என்று ஒருவர் எழுத, அதற்குப் பதினோரு கட்டைவிரல்கள். நான்கு வாரத்தில் என் மகள் ‘நம்ம பொண்ணு’ என்பதிலிருந்து ‘அந்த கீப்பர்’ ஆகிப் போனாள். அந்தக் கோல்களில் இரண்டை எந்தக் கீப்பரும் தடுத்திருக்க முடியாது. இது தாய் சொல்வது என்று ஒதுக்க வேண்டாம்; ஒவ்வொன்றையும் நாற்பது தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

6. இந்த நிலையில்தான் மே 3 அன்று செயற்குழு கூடியது. தீர்மானம் எண் 4 வருமாறு: “ரியோசேரா அணி இரண்டாம் பிரிவில் நீடிக்கும் பட்சத்தில் செல்வி யாமினி சிறப்பு விருந்தினராக இருப்பார். நீடிக்காத பட்சத்தில் திரு. பாலமுருகன் அவர்கள் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுவார். நேரம் குறைவாக இருப்பதால் இரண்டு அழைப்பிதழ்களும் தயார் நிலையில் வைக்கப்படும்.” திரு. பாலமுருகன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர், நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தான் ‘மாற்று ஆள்’ என்பது அவருக்கும் குழுவில் வந்த கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

7. மே 10 சனிக்கிழமை மாலை, செயலாளர் திரு. விஷால் அந்த இரண்டு அழைப்பிதழ்களையும் செயற்குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் பொதுக் குழுவில் போட்டுவிட்டார். ஒரு கோப்பின் பெயர் ‘தப்பித்தால்’. இன்னொன்றின் பெயர் ‘இறங்கினால்’. முதலாவதில் கையுறையோடு என் மகள் சிரிக்கிறாள். இரண்டாவதில் அதே இடத்தில், அதே பூ அலங்கார வளையத்துக்குள், கோட்டுப் போட்ட பாலமுருகன் சிரிக்கிறார். பதினேழு நிமிடம் கழித்து நீக்கப்பட்டது. ‘ஆன்ட்டி, ரியலி சாரி, ராங் குரூப்ல போட்டுட்டேன்’ என்று விஷால் எனக்குத் தனியாக எழுதினார். பிள்ளை பதறிப்போய்த்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பதினேழு நிமிடமும் யாமினி அணியின் பேருந்தில், மறுநாள் ஆட்டத்துக்காகப் போய்க்கொண்டிருந்தாள். கையில் கைப்பேசி இருந்தது. அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள், சேர்த்தது தாங்கள்தான்.

8. மறுநாள் ஆட்டம் நண்பகலுக்கு. மடிக்கணினியில் பார்த்தோம். எண்பத்தோராம் நிமிடம் வரை கோல் எதுவும் விழவில்லை. அப்போது வலப்பக்கத்திலிருந்து யாரோ சும்மா தூக்கிப் போட்டது போல ஒரு பந்து வந்தது. நேராக அவள் கைக்குள் வந்து, கைக்குள்ளிருந்தே நழுவி உள்ளே போனது. உமாபதி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா அவள் முகத்தைக் காட்டவே இல்லை, முதுகைத்தான் காட்டியது. அந்த ஒரு கோலிலேயே அணி தோற்றது. அந்த அழைப்பிதழால்தான் இந்தக் கோல் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தகட்டை இழுத்துவிட்டு முடிவு எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்று இந்த ஊரில் அன்னையர் தினம். எந்த வருடமும் காலை எட்டு மணிக்குள் கூப்பிட்டுவிடுவாள். அன்று கூப்பிடவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

9. திங்கள் இரவு உணவு நேரத்தில் கூப்பிட்டாள். நான் கேட்காமலே சொன்னாள்: “அம்மா, ரெண்டு டிசைனும் நல்லாத்தான் இருந்துச்சு. சண்டே தோத்துட்டா நான் அங்க வரல. டிரெஸ்டன்ல கண்மணி ரூம் காலியா இருக்காம், நேரா அங்க போயிடறேன்.” கண்மணி அவளுடைய பள்ளித் தோழி. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஜூன் முப்பதுக்குப் பிறகு வேலை இல்லாமல், அணி இல்லாமல், அறை இல்லாமல் நிற்கும்போது ஒரு பெண் வர வேண்டிய வீடு இது. இங்கே வர மாட்டேன் என்கிறாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. சோதனைக் கூடத்தில் நேற்று ஒரே தகட்டை இரண்டு முறை பதிவு செய்து மேலாளரிடம் பேச்சு வாங்கினேன்.

10. தற்போதைய நிலை: இருபத்து நான்கு புள்ளிகளோடு ரியோசேரா பதினோராம் இடம். அடுத்த அணிக்கு இருபத்து மூன்று. ஞாயிறு, மே 18, நண்பகல் கடைசி ஆட்டம். ஜெயித்தால் தப்பிக்கும். சமனானால் வேறொரு மைதானத்தில் என்ன நடக்கிறது என்று காத்திருக்க வேண்டும். தோற்றால் அனேகமாக எல்லாம் முடிந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த பட்டியலை எடுத்துவிட்டோம். எடுத்து எந்தப் பயனும் இல்லை, மனப்பாடமாக இருக்கிறது.

11. விழாவுக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு ஏற்றிருக்கும் திருமதி குணேஸ்வரி அக்கா, முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த விவரம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார்: “பிள்ளை தோத்தா மேடைக்கு வரக்கூடாதெண்டு ஆர் சொன்னது? நாங்கள் பந்தையே கூப்பிட்டனாங்கள்? பிள்ளையை எல்லோ கூப்பிட்டனாங்கள்!” தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். யார் சொன்னது என்ற கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

12. அந்தப் பதிலை இந்த மனுவிலும் பதினோரு பத்திகளாக ஒத்திப்போட்டு வந்திருக்கிறேன். நானும் செயற்குழுவில் இருப்பவள். மே 3 கூட்டத்தில் நான் இருந்தேன். தீர்மானம் எண் 4க்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. கோப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று விஷால் கேட்டபோது, “மாறிப் போயிடும், தெளிவா லேபிள் பண்ணுங்க. தப்பித்தால், இறங்கினால்னு வைங்க” என்று சொன்னதும் நான்தான். எதை எடுத்தாலும் ஒரு சீட்டு ஒட்டி வைக்கும் என் வேலைப் பழக்கம். தோற்ற முகத்தோடு மகள் மேடையில் உட்கார நேரக்கூடாது, அவளைக் காப்பாற்றுகிறோம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கீழே முன்வரிசையில் நானும் உட்கார வேண்டியிருக்குமே என்ற பயம் மீதிப் பாதி. குழுவில் எழுதியவர்களைப் பற்றி ஐந்தாம் பத்தியில் புகார் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அவளைப் பெறவில்லை. நான் பெற்றவள். நான் கை தூக்கியது யாமினிக்குத் தெரியாது.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அ) இரண்டு அழைப்பிதழ்களையும் மன்றம் திரும்பப் பெற வேண்டும்.

ஆ) செல்வி யாமினி, கோல்கீப்பர், ரியோசேரா என்று போட்டு ஒரே அழைப்பிதழ் வெளியிட வேண்டும். எந்தப் பிரிவு என்று குறிப்பிட வேண்டாம். ‘பட்சத்தில்’ என்ற சொல் அதில் எங்கும் இருக்கக்கூடாது. திரு. பாலமுருகன் அவர்களையும் அதே மேடைக்கு, மாற்றாக அல்லாமல், அழைக்கலாம்.

இ) தீர்மானம் எண் 4க்கு நான் அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுகிறேன் என்பதையும், பன்னிரண்டாம் பத்தியில் உள்ள காரணத்தையும் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே எழுத வேண்டும்.

ஈ) மேற்சொன்ன அழைப்பிதழ் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். இதுதான் முக்கியம். மற்றவற்றில் எதைத் தாங்கள் மறுத்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

14. ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம், சில நாள்தானே என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஜெயித்தபின் அனுப்பினால் எல்லோரும் அனுப்புவதுபோல அதுவும் ஒன்று. தோற்றபின் அனுப்பினால் பாவம் என்று கூப்பிடுகிறார்கள் என்பாள், வர மாட்டாள். முடிவு தெரியாத இந்த நான்கைந்து நாளில்தான் அவளை அவளுக்காகக் கூப்பிட முடியும். அப்புறம் நானே ஆசைப்பட்டாலும் முடியாது. தாங்களும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். தயவு செய்து காலம் தாழ்த்தாதீர்கள்.

இடம்: டார்ம்ஸ்டாட்
நாள்: 14.05.2025

இப்படிக்கு,
கவலையுடன் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ரோஹிணி உமாபதி

நகல்:
1. திரு. விஷால், செயலாளர் – கோப்பின் பெயர் தங்கள் தவறு அன்று என்பதைத் தெரிவிக்கும் பொருட்டு.
2. செல்வி யாமினி உமாபதி, ரியோசேரா, ஸ்பெயின் – பன்னிரண்டாம் பத்தியைத் தாயின் வாயால் அறியும் பொருட்டு. தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். ஆனாலும் முழுவதும் வாசிக்கவும். ஞாயிறு என்ன ஆனாலும், வீட்டுக்கு வரவும்.