நல்லாத்தான் இருக்கேன்

மார்ச் 3
கொழுந்தன் வந்திருந்தான். கதவைத் திறந்தேன், வா என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரருடைய துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வர்றேன் அண்ணி" என்று போய்விட்டான். ஏரியில் அவருடைய கயாக் படகு கவிழ்ந்தபோது கூட இருந்தவன் இவன் ஒருவன்தான். காற்று அண்ணனை இழுத்துக்கொண்டு போக, இவன் அவர் படகிலிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான். படகு முழுசாக வந்து சேர்ந்தது.

மார்ச் 4
துடுப்பைப் பரணில் போட்டேன். மறுபடி இறக்கி வைத்தேன்.

மார்ச் 9
படகுக் கழகத்தில் மீட்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பட்டது போதாதா என்று அம்மா அழுகிறாள். கொழுந்தன் செய்தது தப்பு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 17
பயிற்சியாளர் என்னைவிட இளையவள், கறார் பேர்வழி. கவிழ்ந்தவர் தன் படகைப் பிடித்தபடி மிதக்க வேண்டுமாம். மீட்பவர் அதன் மூக்கைத் தன் படகுக்குக் குறுக்கே இழுத்து, தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்தால் அவர் ஏறிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் தண்ணீரைக் கொட்டுவதுதான் முறையா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. பதில்ல சந்தேகம் வந்தா படகை விட்டுட்டு ஆளைப் பிடிங்க" என்றாள்.

அன்றைக்குக் கொழுந்தனும் கேட்டானாம். "நல்லாத்தான் இருக்கேன், நீ படகைப் பாரு" என்றாராம். சாவு வீட்டில் எல்லோரிடமும் இதையே சொல்லி அழுதான். கூடப் பிறந்தவனுக்கு அண்ணன் குரல் தெரியாதா? பொய்.

மார்ச் 24
இன்று கவிழ்கிற முறை என்னுடையது. மலை ஏரித் தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. பயிற்சியாளர் என் படகை இழுத்தபடி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

அப்புறம்தான் பார்த்தேன் — என் கை படகில் இல்லை. எப்போது விட்டது? தெரியவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. அவள் படகை விட்டுவிட்டு என் மிதவைச் சட்டையின் தோள்பட்டியை எட்டிப் பிடித்தாள்.

கரையில் உட்கார்ந்து அழுதேன். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் இதைத்தானே சொல்வார்? நானும் நம்பிக்கொண்டு வேலைக்குப் போவேனே. பாவி மனுஷா, ஒரே ஒரு தடவை முடியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

மார்ச் 25
கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவன் சொன்னதை நம்புகிறேன் என்றேன். ஏரிக்கு வா என்றேன்.

மார்ச் 29
வரவில்லை.

ஏப்ரல் 7
வந்தான். அவருடைய துடுப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டு படகில் ஏறினான். ஆழமில்லாத இடத்தில்தான் கவிழ்ந்தேன். என் படகைத் தன் படகின்மேல் இழுத்துப் பாதி ஏற்றியிருந்தான்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இல்லடா."

படகை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். போதும், படகைப் பாருங்கள் என்று பயிற்சியாளர் கரையிலிருந்து குரல் கொடுத்தாள். அவன் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.