அப்பா வண்டியிலிருந்து விழவில்லை

ஸ்ரீவைகுண்டம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்க நானும் அப்பாவும் அண்ணனும் உசுரோட இருக்கோம், அங்க நீயும் உன் கூட இருக்கவங்களும் உன்கிட்டப் படிக்க வருத பிள்ளைகளும் சுகமா இருக்கணும்னு இசக்கியம்மனைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். உங்க ஊழியக் குழுவுல புதுசாச் சேர்ந்திருக்க பாளையங்கோட்டைப் பிள்ளை ஜெபக்கனி வெள்ளிக்கிழமை கம்போடியாவுக்குப் புறப்படுதாளாம், அவ கையில இதைக் கொடுத்து விடுதேன். போன்ல சொல்லலாம்னா உன் குரலைக் கேட்டதும் வேற எதையாவது பேசிட்டு வச்சிருதேன். அப்பா மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து கையில அடின்னு உங்க அண்ணன் பெருமாள்ராஜ் சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உங்க சித்தப்பா செந்தூர்பாண்டி வெட்டிட்டான். வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் போயிட்டு. பதறாத தாயி, புண் ஆறிக்கிட்டு வருது, அப்பா இடது கையால சாப்பிடப் பழகுதாங்க.

நடந்ததை அப்படியே எழுதுதேன். சித்தப்பா மகளுக்கு நாங்குநேரியில மாப்பிள்ளை பேசி பூ வைக்குத நாள் வரைக்கும் வந்து, பெரியப்பா மக கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்து வெளிநாடு போயிட்டாளாமேன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. மறுநாள் காலையில நானும் அப்பாவும் வாய்க்கா வயல்ல வாழைக்கு மண் அணைச்சுக்கிட்டு இருந்தோம். அவன் தார் வெட்டுத அரிவாளோட வந்தான். வந்ததும் குலை தள்ளி நின்ன வாழையை ஒண்ணொண்ணா வெட்டிச் சாய்ச்சான், முப்பது மரம் இருக்கும். அப்பா பைய நடந்து போய், லே தம்பி, கோபம் எம்மேலன்னா என்னைக் கேளு, மரம் என்னலே செஞ்சுதுன்னு கேட்டாங்க. உன் மகளைக் கூப்பிட்டு வந்து சாஸ்தா கோயில்ல விழச் சொல்லு, இல்லன்னா எனக்கு அண்ணனே கிடையாதுன்னு கத்துனான். எம்பிள்ளை திருடப் போகல்ல, ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கா, நான் கூப்பிட மாட்டேன்னு அப்பா சொன்னாங்க. அப்பதான் ஓங்குனான். கழுத்துக்கு வந்த வெட்டை அப்பா கையால தடுத்தாங்க. விரல் சேத்துல விழுந்ததை என் கண்ணால பார்த்தேன்.

இதுவரைக்கும் ஊரே சொல்லும். அதுக்குப் பிறகு நான் செஞ்சதை நான்தான் சொல்லணும். மண்வெட்டியைத் திருப்பிப் பிடிச்சு அவன் முழங்கையில போட்டேன். எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுது, அரிவாள் கீழ விழுந்துட்டு. அதோட நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல்ல. விழுந்து கிடந்தவன் முதுகுல, தோள்ல, தலையில அடிச்சேன். மதினி மதினின்னு கும்பிட்டான், அப்பவும் அடிச்சேன். ரத்தத்துல கிடந்த அப்பாதான் ஒத்தக் கையால என் காலைப் பிடிச்சுக்கிட்டு, விடு, செத்துருவான், விடுன்னு அழுதாங்க. பக்கத்து வயல் சேக் முகம்மது அண்ணாச்சி ஓடி வந்து மண்வெட்டியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, ரெண்டு பேரையும் ஒரே லோடு ஆட்டோவுல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அண்ணனும் தம்பியும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு கிடந்தாங்க பிரியா, அதைப் பார்த்துக்கிட்டே நான் போனேன்.

இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. நீ புறப்பட்ட வருஷம், உன்னைத் தடுக்க முடியாத ஆத்திரத்துல சித்தப்பாகிட்டப் போய், குடும்ப மானம் போகுது, நீ ஆம்பளைதானே, சும்மா பார்த்துக்கிட்டா இருப்பன்னு கேட்டது நான்தான். அன்னைக்கு அவன், படிச்ச பிள்ளை, போயிட்டு வரட்டும் மதினின்னுதான் சொன்னான். நான் விடல்ல, வாரம் தவறாம அவன் வீட்டுல போய் அழுதேன். அப்புறம் அந்தப் பிள்ளைங்க உன் மேல ஏறி விளையாடுத படத்தை நீ அனுப்ப அனுப்ப எனக்குக் கோபம் ஆறிட்டு. அவனுக்கு ஆறல்ல. எனக்கு ஆறிட்டுன்னு அவன்கிட்டச் சொல்லவும் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகு, போன வியாழக்கிழமை போய் இதைச் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். உங்க சித்தி முத்துராணி என்னை வெளிய போன்னு சொல்லல்ல. ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு. விழுந்த பிறகும் அடிச்சேன்னு ஸ்டேஷன்ல நானே எழுதிக் கொடுத்துட்டேன், வருதது வரட்டும்.

நீ டிக்கெட் போட்டு ஓடி வராத. வந்தா அப்பா விரலைக் கொடுத்துச் சொன்ன சொல் வீணாப் போகும். அங்கன மழைக்காலமாம், தண்ணியைக் காய்ச்சிக் குடி. பிள்ளைங்க எவ்வளவு சேட்டை பண்ணினாலும் கை ஓங்காத. ஓங்குன கை எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாமப் போயிட்டு. நீ கும்பிடுத சாமியும் நான் கும்பிடுத சாமியும் உன்னைக் காப்பாத்தட்டும், நூறு வயசு நல்லா இரு. ஒண்ணு மட்டும் மறந்துராத, சித்தப்பாவுக்கு ஒரு நாள் போன் பண்ணு. எடுக்க மாட்டான். ஆனாலும் பண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா
சொர்ணாம்பாள்