தையலுக்குள் போன எழுத்து

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகளும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர, அதனிடம் சுகம் விசாரிப்பதை நானே விட்டுவிட்டேன். அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடிதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே இந்தக் கட்டெறும்பு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது, ஒன்றும் பேச முடிவதில்லை, அதனால் அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். என்னுடையது அஞ்சாம் வகுப்புப் படிப்பு, எங்கேயாவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துப் படித்துக்கொள். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. கீழ்வீட்டு அம்மா வழக்கம்போலத் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்தாள், சண்டை முடிந்ததும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனாள், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே.

சேதி என்னவென்றால் உன் மகள் ஒரு கைப்பை தைத்திருக்கிறாள். சும்மா பை இல்லை, மெஷின் எம்பிராய்டரி போட்ட பை. தெருமுனைத் தையல்காரம்மா கடைக்கு விடுமுறை நாளெல்லாம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைக் கழற்றிவிட்டு, கீழே துணியைத் தள்ளுகிற பல்லை இறக்கிவிட்டு, துணியை வளையத்தில் மேளத்தோல் மாதிரி விறைப்பாக மாட்டி, கால் மிதிக்க மிதிக்கக் கையால் வளையத்தை நகர்த்த வேண்டுமாம். ஊசி ஒரே இடத்தில்தான் குத்தும், பூவும் இலையும் விழுவது கை ஓடுகிற ஓட்டத்தில்தான். கை பின்தங்கினால் நூல் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், கை முந்தினால் ஊசி ஒடியும். ஒடியும்போதெல்லாம் தையல்காரம்மா, ஏண்டி, நீ தைக்கிறியா இல்ல வண்டி ஓட்டுறியா என்று திட்டுவாளாம். கருநீலக் கெட்டித் துணியில் மஞ்சள் நூலால் ஒரு கொடி, கொடியின் மேல் ஒரு குருவி. குருவி கொஞ்சம் கத்தரிக்காய்ச் சாயல்தான், நான் அதைச் சொல்லவில்லை. உள்ளே வழவழவென்று லைனிங், சின்னதாக ஒரு பாக்கெட், மேலே ஜிப். பார்க்கிறவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை, இன்னொரு தரம் கேட்கட்டும் என்று காது கேளாதவள் மாதிரி இருந்துவிட்டு அப்புறம்தான், என் பேத்தி தைச்சது என்கிறேன்.

பை யாருக்கு என்று நினைக்கிறாய், மருமகளுக்குத்தான். இன்னும் நேரில் பார்க்காத, போன் திரையில் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிற உன் புதுப் பெண்டாட்டிக்கு. போன மாதம் நீ போனில், இனிமே அவளை அம்மான்னுதான் கூப்பிடணும், பரீட்சை முடிஞ்சதும் இங்க வந்துடணும் என்று ஒரே மூச்சில் சொன்னாய் அல்லவா, அதற்கு இவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டுப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை ராசா. கட்டினவளைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு, அத்தனை தூரத்தில் தன்னந்தனியாகச் சோறு பொங்கித் தின்றவன் நீ. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே சேர வேண்டும் என்று உன் மனசு பறப்பது எனக்குத் தெரியாதா. மருமகளும் பாவம். நீ வேலைக்குப் போன நேரம் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலையா அத்தை என்று கேட்டாள். பிடிக்காமல் இல்லை தாயி என்று சொல்லிவைத்தேன். ஆனால் அம்மா என்கிற சொல்லை இந்தப் பிள்ளை தன்னைப் பெற்றவளோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. நாம் கதவைத் தட்டத் தட்ட அது உள்பக்கம் தாழ்ப்பாள் போடும்.

அப்படிப்பட்டவள், பையின் முன்பக்கத் துணியில் கொடிக்குக் கீழே சாக்கட்டியால் தானாகவே ‘சித்தி’ என்று எழுதினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மான்னே போட்டுடேன், நூலும் மிச்சம் என்றேன். பார்த்தாள் ஒரு பார்வை, நான் அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விட்டேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, அந்தப் பெண்ணை அவளாக ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுத்தைப் பெரிது பெரிதாக, ஓரம் வரைக்கும் இடித்துக்கொண்டு நூலால் போட்டுவிட்டாள். தையலுக்கென்று ஓரத்தில் துணி விடணும் என்பது எழுதுகிற சந்தோஷத்தில் மறந்துபோயிற்று. நானும் கூடப் போயிருந்த அன்றைக்குக் கடையில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து அடித்து, உள்பக்கத்தை வெளியே புரட்டினால், கடைசி எழுத்தின் கொக்கி தையலுக்குள் போய்விட்டது. ‘சித்தி’ போய் ‘சித்த’ என்று நிற்கிறது. கொஞ்ச நேரம் என்பதற்கு நான் வாய்க்கு வாய் சித்த இரு, சித்த பொறு என்பேனே, அந்தச் சித்த. தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உங்க பாட்டி பேச்சைப் பையிலயே எழுதிட்டியே என்றாள். இவள் முகம் சுண்டியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பிரித்துத் தரட்டுமா என்று கேட்டாள், ஆனால் மெஷின் எம்பிராய்டரியைப் பிரித்தால் துணி சல்லடைக் கண்ணாகிவிடுமாம். மேலே ஒரு துண்டுத் துணியை ஒட்டி மறைக்கலாம் என்று நான் சொன்னேன். உன் மகள் பையைக் கையில் வைத்து அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நிமிர்ந்து, “இப்படியே இருக்கட்டும் பாட்டி. சித்த இருக்கச் சொல்லு அவங்கள. வந்துருவேன்” என்றாள்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில் மகனே, உன்னிடம் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளாதே. டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய். பிள்ளை என்ன கூப்பிடுகிறாள், எப்போது கூப்பிடுகிறாள் என்று மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மருமகளிடமும் பக்குவமாகச் சொல். உன் மகள் இல்லாமல் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நீ கேட்காதே, நானும் நினைக்கவில்லை, கீழ்வீட்டு அம்மா இருக்கிறாள் சண்டைக்கு.

உங்கள் ரெண்டு பேருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஐஸ் தண்ணீர் குடிக்காதே. ஒன்று மறந்துவிட்டேன், பையில் இன்னும் தோள்வார் தைக்கவில்லை. அவங்க உயரம் தெரியாம எப்படித் தைக்கிறது, உன் அளவா என் அளவா என்று என்னைப் போட்டுக் குடைகிறாள். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் எவ்வளவு என்று மருமகளையே டேப் வைத்து அளந்து, அவளையே போன் போட்டுப் பிள்ளையிடம் சொல்லச் சொல். மருமகளிடம் இவளாகக் கேட்க நினைக்கிற முதல் கேள்வி அது. நீ நடுவில் புகுந்து அளவு சொல்லிவிடாதே, டேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடு.

உங்கள் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா